கொட்டாவி விட்ட குருவி

மேகம் வந்து தலையை முட்டிக்கிட்டு நிக்கிற ஒரு ஊர்ல, கீழ்நாட்டுல பொறந்து மலைக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பொண்ணு இருந்தா. அவ பேரு ராக்கு. அந்த ஊர் பேரு அத்திமேடு. காபிச் செடி, மிளகுக் கொடி, பலா மரம், அதுக்கு மேல இன்னும் பெரிய மரம்னு வீட்டு வாசல் வரைக்கும் காடுதான். ராக்கு பொறந்த வேலங்குளத்துல கருவேல மரம் மட்டும் உண்டு. அதுல காக்கா உக்காரும். வேற பறவை பாக்கணும்னு ஆசைப்பட்டா கண்மாய்க்குப் போய்க் கொக்கைப் பாத்துட்டு வரலாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்ச பறவை சாஸ்திரம்.

கதைன்னா ராஜா எங்கேன்னு கேப்பே. இந்தக் கதையில ராஜா இல்ல, மாமியார் இருக்கா. ரெண்டு பேருக்கும் வேலை ஒண்ணுதான், அதனால உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. ம் சொல்லு.

ம்.

மாமியார் பேரு வெள்ளத்தாயி. நல்லவதான். ஆனா சட்டம் பேசுவா. அந்த ஊர்ல ஒரு சட்டம் இருந்துச்சு. வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்க நெனைச்சப்போ எல்லாம் தாய்வீட்டுக்குக் கிளம்பிட முடியாது. குருவி வந்தாத்தான் போகலாம். ஏன் அப்படின்னு கேளு. ஆடியிலயும் ஆவணியிலயும் சாரல், பாதை பூரா வழுக்கும், காலை வெச்சா அட்டை ஏறும். ஐப்பசி பொறந்தா அடைமழை, நடுவுல இருக்கிற ஓடை ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஹோன்னு ஓடும், தாண்ட முடியாது. மழை விட்டா காபிப் பழம் பழுத்துரும், பழம் பறிக்காம யாரையும் அசைய விடமாட்டாங்க. நடுவுல புரட்டாசியில மட்டும் கொஞ்ச நாள் வெயில் எட்டிப் பாக்கும். அந்த வெயிலோட வெயிலா, எங்கேயோ வடக்கேயிருந்து ஒரு சின்னக் குருவியும் வந்து சேரும். குருவி உள்ள வந்துச்சுன்னா, மருமக வெளிய போகலாம். இந்தச் சட்டத்தை யார் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. யார் போட்டாங்கன்னு தெரிஞ்சாலாவது அவங்ககிட்ட போய்ச் சண்டை போடலாம்.

குருவின்னதும் வீட்டுக்குள்ள வந்து கண்ணாடியைக் கொத்துமே, அந்தச் சிட்டுக்குருவின்னு நெனைச்சுக்காத. இது வேற. புத்தகம் எழுதுறவங்க இதைப் பச்சைக் கதிர்க்குருவின்னு எழுதுவாங்க. அத்திமேட்டுல வரத்துக்குருவின்னு சொல்வாங்க. ஒரு கொட்டைப்பாக்கு கனந்தான் இருக்கும். அந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு, இமயமலைக்கும் அந்தாண்டை பனி கொட்டுற காட்டுலேருந்து கிளம்பி, ஆறு, ஊரு, வயக்காடு, ரயில் தண்டவாளம் எல்லாத்தையும் தாண்டி வந்து, நம்ம இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற பூச்சியையும் புழுவையும் பொறுக்கித் தின்னும். பையும் கிடையாது, துணையும் கிடையாது. ஆனா மருமகளுக்கு மட்டும் துணை வேணும், கூடை வேணும், மாமியார் உத்தரவும் வேணும். என்ன பண்றது.

அப்புறம் கேளு. குருவி வந்துருச்சுன்னு ஊருக்குச் சொல்ற உரிமை வெள்ளத்தாயிக்குத்தான். ஏன்னா அவளோட காது அப்பேர்ப்பட்ட காது. பலா மரத்து உச்சியில, எந்தக் கிளையில, எந்தப் பக்கமா உக்காந்து கத்துதுன்னு கீழேயிருந்தே சொல்லிருவா. அவ கேட்டுட்டு, பாறை மேல ஏறி நின்னு, "வந்துருச்சு"ன்னு ஒரு சத்தம் குடுத்தா போதும். வீட்டுக்கு வீடு மலைவாழைத் தாரும் மிளகும் கூடையில ஏறும். மருமகளுங்க தலைவாரிப் பூ வெச்சு, திரும்பிக்கூடப் பாக்காம, விறுவிறுன்னு மலை இறங்கிருவாங்க.

அந்த வருஷம் ராக்குவுக்கு அவசரம். அவளுக்குப் பூவாயின்னு ஒரு தங்கச்சி. சின்ன வயசுலயே ரெண்டு பேருக்கும் அம்மா இல்லாமப் போயிட்டா. அதனால தலைபின்னி விட்டதிலேருந்து கல்யாணத்துக்கு மஞ்சள் பூசினது வரைக்கும் பூவாயிக்கு எல்லாமே ராக்குதான். இப்போ பூவாயிக்குத் தலைப்பிரசவம். வயிறு இறங்கிருச்சு, இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்தான்னு மிளகு வாங்க வந்த வியாபாரி சேதி கொண்டு வந்தார். கூடவே பூவாயி ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா. அக்கா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் நான் பெத்துக்குவேன், இல்லாட்டி மாட்டேன்னு. ராக்கு அதைக் கேட்டுச் சிரிச்சா. அப்புறம் அடுப்படிக்குள்ள போய் அழுதா.

ம்?

ம்.

போய் மாமியார்கிட்ட கேட்டா. வெள்ளத்தாயி முறத்துல பயறு புடைச்சுக்கிட்டே, குருவி வரட்டும்னு சொல்லிட்டா. புருஷன் சோலைமலைகிட்ட கேட்டா. அவன் அம்மா சொல்றது சரின்னான். அப்போ நான் சொல்றது தப்பான்னு கேட்டா. நீ சொல்றதும் சரின்னான். அவன் எப்பவும் அப்படித்தான், எல்லார் பக்கமும் சாஞ்சுக்கிட்டு நடுவுல நிப்பான்.

சரி, குருவி எப்போ வரும்னு காத்துக்கிட்டு இருந்தா ஆகாது, நாமளே தேடிப் பிடிச்சுருவோம்னு ராக்கு முடிவு பண்ணிட்டா. அது எப்படி இருக்கும் அத்தைன்னு கேட்டா. வெள்ளத்தாயி யோசிச்சு, சின்னதா இருக்கும், முதுகு பச்சையா இருக்கும், வயிறு வெளுப்பா இருக்கும்னு சொன்னா. அந்தக் காட்டுல சின்னதா, பச்சையா இல்லாதது யானை மட்டுந்தான்.

மறுநாள் காலையில ராக்கு புளியமரத்துல ஒண்ணைப் பாத்தா. சின்னது. பச்சை. இலைக்குள்ள தத்தித் தத்திப் பூச்சி பிடிக்குது. "வீஈஈ... ட்யூ"ன்னு நீளமா விசிலடிக்குது. ராக்கு ஓட்டமா ஓடி மாமியாரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. வெள்ளத்தாயி அண்ணாந்து பாத்தா. வயிறு பளிச்சுன்னு மஞ்சள். றெக்கையில ரெண்டு வெள்ளைப் பட்டை, கோலம் போட்ட மாதிரி.

"இது மாம்பழச்சிட்டு. இது வரத்து இல்ல, நம்மூர்தான். வருஷம் பூரா இங்கேயேதான் கிடக்கும். இது என்னைக்காவது எனக்கு ஆத்தா வீட்டுக்குப் போகணும்னு கேட்டுச்சா?"

ராக்கு இன்னொரு தடவை அண்ணாந்து பாத்துக்கிட்டா. மஞ்சள் வயிறு கூடாதுன்னு மனசுல போட்டுக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது தடவை. கொய்யா மரத்துல சிலுசிலுன்னு சத்தம். போய்ப் பாத்தா ஒரு கூட்டமே இருக்கு. முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பூச்சியும் தேனும் தேடுதுங்க. ஒண்ணு வந்தாலே போகலாம்னா, இத்தனை வந்தா ரெண்டு தடவை போகலாமோன்னு ராக்குவுக்கு ஒரு சபலம். வெள்ளத்தாயி வந்து பாத்துட்டு, இடுப்புல கை வெச்சுக்கிட்டா. கண்ணைச் சுத்திப் பாருன்னா. பாத்தா, ஒவ்வொண்ணுக்கும் கண்ணைச் சுத்தி சுண்ணாம்புல வரைஞ்ச மாதிரி ஒரு வளையம். இதுக்குப் பேரு வெள்ளைக்கண்ணி. நம்ம குருவிக்கு வளையம் கிடையாது, கண்ணுக்கு மேல புருவம் எழுதின மாதிரி ஒரு வெளிறிய கோடு. அதோட, அது கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி கூட்டமா வராது, தனியாத்தான் திரியும். இவ்வளவும் சொல்லிட்டு, அதெல்லாம் தெரியாமத்தான் என் வீட்டுக்கு மருமகளா வந்தியான்னு ஒரு குத்தும் குத்திட்டுப் போயிட்டா. கருவேலங்காட்டுல புருவம் எழுதின குருவி எங்கே இருக்கும்? ராக்கு அதைச் சொல்லல. நெனைச்சுக்கிட்டா.

மூணாவது தடவை, வேலிச் செடியில. இந்தத் தடவை ராக்கு உஷாரா இருந்தா. மஞ்சள் வயிறான்னு பாத்தா, இல்ல. வளையமான்னு பாத்தா, இல்ல. கூட்டமா? இல்ல, தனி ஆள். முதுகு பச்சை, வயிறு வெளுப்பு. அப்பாடான்னு மாமியாரைக் கூப்பிட்டா. வெள்ளத்தாயி பாதி வழியிலயே நின்னுட்டா. "டுவிட், டுவிட், டுவிட்"னு வேலி அதிருற மாதிரி சத்தம். கிட்ட வந்து, வாலைப் பாருன்னா. வால் கம்பு மாதிரி செங்குத்தா நின்னுச்சு. உச்சந்தலையில செம்மண் நிறம். இலையைத் தைச்சுக் கூடு கட்டுற தையல்சிட்டு அது. வரத்துக்குருவி இப்படி வாலைத் தூக்கிக்கிட்டு ஊரைக் கூட்டாது, அடக்கமான குருவி, உன்னை மாதிரி இல்லன்னு வெள்ளத்தாயி சொன்னா.

அடுத்த வீட்டு அன்னக்கொடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. நாளைக்குக் கோழியைக் காட்டிக் கேக்கப் போறியா ராக்குன்னா. அன்னக்கொடிக்கும் தாய்வீடு போகணுந்தான். ஆனா சிரிக்கிற வாய்ப்பு வந்தா முதல்ல சிரிச்சுருவா.

தூங்கிட்டியா? குருவி இன்னும் வரல, அதுக்குள்ள தூங்கக் கூடாது.

ம்.

அப்போதான் வந்துச்சு. ஒரு நாள் விடியக்காலையில, வீட்டுக்குப் பின்னாடி மிளகுக் கொடி ஏத்தியிருந்த கல்யாண முருங்கை மரத்துல. ராக்கு சாணி தெளிச்சுக்கிட்டு இருந்தா. மேல "ட்சிவீ"ன்னு ஒரு சத்தம். மெல்லிசா, கூர்மையா, புதுக் கண்ணாடி வளையலை விரலால சுண்டின மாதிரி. நிமிந்து பாத்தா, இலை ஆடுது, குருவியைக் காணோம். இன்னொரு இலை ஆடுது, அங்கேயும் காணோம். ஒரு நொடி நிக்குதா பாரு! சரக்குனு இந்தக் கிளை, சுருக்குனு அந்தக் கிளை, இலைக்கு அடியில தலையைக் குடுத்து ஒரு புழு, அந்தரத்துல எம்பி ஒரு பூச்சி. ராக்குவுக்குக் கழுத்து வலிச்சுப் போச்சு. கடைசியில அது ஒரு மொட்டைக் கிளைக்கு வந்துச்சு. வயிறு மஞ்சள் இல்ல. கண்ணைச் சுத்தி வளையம் இல்ல, மேல கோடு இருக்கு. வால் சாதுவா இருக்கு. தனி ஆள். றெக்கையில மட்டும் நகக்கீறல் மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு.

ராக்கு இந்தத் தடவை ஓடல. சாணிக் கையைக் கழுவிட்டு, நடந்து போய்ச் சொன்னா.

வெள்ளத்தாயி வந்தா. பாத்தா. நிறம் சரின்னா. கோடு சரின்னா. வாலும் சரின்னா. அப்புறம் வெள்ளத்தாயி கையைக் காதுக்குப் பின்னாடி குவிச்சு வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டா. ஏன்னா இதே மாதிரி, அச்சு அசலா இன்னொரு குருவி உண்டு. அதுவும் வடக்கேயிருந்துதான் வரும். ஆனா முந்தியும் வரும் பிந்தியும் வரும், அதை நம்பி மலை இறங்கினவங்க மழையில மாட்டிக்கிட்டு இருக்காங்க. ரெண்டையும் கண்ணால பிரிக்க எந்தக் கொம்பனாலயும் முடியாது. குரல்தான் தீர்ப்பு. இது உண்மை, வெள்ளத்தாயி இட்டுக்கட்டல.

"ட்சிவீ"னுச்சு குருவி. வெள்ளத்தாயி அசையல. "ட்சிவீ, ட்சிவீ"னுச்சு. ராக்கு மாமியார் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. "ட்சிவீ!" அன்னக்கொடி வீட்டு நாய்கூட நிமிந்து பாத்துச்சு.

வெள்ளத்தாயி கண்ணைத் திறந்தா. வாயே திறக்கலையே, இதைக் குரல் கேக்காம எப்படி வந்துருச்சுன்னு சொல்றதுன்னு கேட்டுட்டு, உள்ள போயிட்டா.

ராக்குவுக்கு ஒண்ணும் புரியல. அன்னக்கொடியைக் கூப்பிட்டுக் கேட்டா, உனக்குக் கேக்குதான்னு. அன்னக்கொடிக்கு நல்லாக் கேட்டுச்சு. ஆனா வெள்ளத்தாயி கேக்கலன்னு சொல்லிட்டாளே. அப்போ கோளாறு நம்ம காதுலதான்னு அவ முடிவு பண்ணிட்டா. மேலத்தெருவுல இன்னும் ரெண்டு மூணு பேரும் கேட்டாங்க. அவங்களும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. காதுல ஏதோ இரையுது போலன்னு நெனைச்சு, நல்லெண்ணெயைச் சுட வெச்சு, ரெண்டு பூண்டைத் தட்டிப் போட்டு, காதுல விட்டுக்கிட்டாங்க. மரத்துக்கு மரம் குருவி கத்துது. வீட்டுக்கு வீடு தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஆள் உக்காந்திருக்கு. இந்த மாதிரி ஒரு ஊரை நீ எங்கேயாவது பாத்திருக்கியா?

ம்ஹூம்.

அதான்.

நாள் போய்க்கிட்டே இருந்துச்சு. கிழக்கால வானம் இருட்ட ஆரம்பிச்சுது. ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரம். மாமியாரும் மருமகளும் வாசல்ல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. காட்டுல சில்வண்டுங்க கிர்ர்ர்ர்னு கத்த ஆரம்பிச்சுது பாரு, கத்தி தீட்டுற மாதிரி, பல்லு கூசுற சத்தம். பேசுறது காதுல விழுறதே கஷ்டம். அப்போ வெள்ளத்தாயி ஒரு பெருமூச்சு விட்டுட்டு, இந்த வருஷம் சில்வண்டையே காணோம் பாரு, ஊரே என்ன நிம்மதியா இருக்குன்னு சொன்னா.

ராக்கு கையில இருந்த மொச்சை தொப்புனு கீழ விழுந்துச்சு.

மாமியாரை உத்துப் பாத்தா. காதோரமா ஒரு கொசு ங்ஙொய்னு சுத்துது. வெள்ளத்தாயி அதைத் தட்டி விடவே இல்ல. ஆனா உள்ளேயிருந்து சோலைமலை, "அம்மா, தண்ணி"ன்னு தடிச்ச குரல்ல கேட்டதும் டக்குனு திரும்பினா. ராக்குவுக்குப் புரிஞ்சு போச்சு. பேச்சு கேக்குது, நாய் குலைச்சா கேக்குது, இடி கேக்குது. மெல்லிசான சத்தம் மட்டும்தான் அவளை விட்டுட்டுப் போயிருச்சு. போனது அவளுக்கே தெரியல. போன சத்தம் சொல்லிட்டா போகும்?

நாளைக்குச் சொல்லிரணும்னு ராக்கு நெனைச்சா. பாறை மேல ஏறி, அத்தைக்குக் காது கேக்கல, குருவி வந்து நாளாச்சுன்னு ஒரு சத்தம் போட்டா முடிஞ்சுது. பூவாயி அங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பா. ஆனா அப்படிச் சொன்னா, மறுநாள்லேருந்து அன்னக்கொடி சிரிக்க ஆரம்பிப்பா. வெள்ளத்தாயிக்கு நகை நட்டு கிடையாது, நிலமும் பெருசா கிடையாது. அந்த ஊர்ல அவளுக்குன்னு இருந்த பவிசே அந்தக் காதுதான். அதனால, ஊருக்கு வேணாம், அத்தைகிட்ட மட்டும் தனியாச் சொல்லிருவோம்னு முடிவு பண்ணினா.

காலையில ரெண்டு பேரும் ஓடைக்குத் துணி துவைக்கப் போனாங்க. துவைகல்லுக்குப் பக்கத்துல ஒரு குட்டை அத்தி மரம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ராக்கு துணியைத் தேச்ச இடத்துலயே தேச்சுக்கிட்டு இருந்தா. அப்போ விர்ருனு ஒண்ணு வந்து அத்திக் கிளையில உக்காந்துச்சு. கைக்கு எட்டுற தூரம். வரத்துக்குருவி. ஒரு பச்சைப் புழுவைத் தின்னுட்டு, அலகைக் கிளையில அப்படியும் இப்படியும் துடைச்சுக்கிட்டு, வாயைத் திறந்துச்சு. "ட்சிவீ!"

வெள்ளத்தாயி பாத்தா. அவ்வளவு கிட்டத்துல அவ அதைப் பாத்ததே இல்ல. எப்பவும் உச்சாணிக் கிளையில இருக்கும், காதுதான் போய்ப் பிடிச்சுட்டு வரும். இப்போ கண்ணுக்கு நேரா அலகு திறக்குது. தொண்டை மயிர் படபடன்னு நடுங்குது. அலகு மூடுது. மறுபடி திறக்குது. நடுங்குது. மூடுது. ஓடைத் தண்ணி சலசலன்னு ஓடுறது கேக்குது. ராக்கு துணி தேய்க்கிறது கேக்குது. அது மட்டும் கேக்கல.

கையில இருந்த ஈரச் சேலையிலேருந்து தண்ணி சொட்டுச் சொட்டா அவ கால்ல விழுந்துச்சு. அப்புறம் மெதுவா, இதுவரைக்கும் மருமககிட்ட பேசாத ஒரு குரல்ல கேட்டா.

"ஏத்தா ராக்கு. அது கத்துதா?"

ஆமான்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராக்கு கழுத்து வலிக்க மரம் மரமாப் பாத்தா. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு அவ ஓடைக்கே வந்தா. ஆனா அவ மாமியார் முகத்தைப் பாத்தா.

"இல்லத்தை," அப்படின்னா. "சும்மா கொட்டாவி விடுது."

குருவி மறுபடியும் வாயைத் திறந்துச்சு. "ட்சிவீ!" ராக்கு குனிஞ்சு துணியைத் தேச்சா. "ட்சிவீ, ட்சிவீ!" இன்னும் வேகமாத் தேச்சா.

வெள்ளத்தாயி குருவியைப் பாத்தா. மருமகளைப் பாத்தா. சட்டம் பேசுறவ இல்லையா, கணக்குப் போடத் தெரியாதா அவளுக்கு? ஊருக்குப் போகணும்னு துடிக்கிறவ, கத்தாத குருவியைக் கத்துதுன்னு பொய் சொல்லலாம், அதுல ஒரு நியாயம் இருக்கு. கத்தலன்னு எதுக்குச் சொல்றா? அவ வாயோரம் லேசா துடிச்சுது.

"குருவி எந்த ஊர்லடி கொட்டாவி விடுது?"

ராக்கு நிமிரல. வேலங்குளத்துல விடும்னு முணுமுணுத்தா. அவ்வளவுதான், வெள்ளத்தாயி சிரிக்க ஆரம்பிச்சுட்டா. துவைகல்லு மேல பொத்துனு உக்காந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. எவ்வளவு நாளா கத்துதுன்னு கேட்டா. அஞ்சாறு நாள் இருக்கும்னா ராக்கு. ஊர்ல வேற யாருக்குத் தெரியும்னு கேட்டா. ஊர் பூரா காதுல நல்லெண்ணெயை ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கு அத்தைன்னு ராக்கு உண்மையைச் சொன்னதும், இன்னும் ஒரு பாட்டம் சிரிச்சா. சிரிச்ச கண்ணுலேருந்து தண்ணி வந்துச்சு. அதுல கொஞ்சம் சிரிப்பால வந்ததில்ல. ராக்கு அதைப் பாத்தா, பாத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பித் துணியை உதறினா.

வெள்ளத்தாயி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சா. உன் தங்கச்சி அங்க வலியில கிடப்பா, நீ இங்க நின்னு குருவிக்குக் கொட்டாவி குடுத்துக்கிட்டு இருக்கியேன்னு ஒரு அதட்டு அதட்டினா. துணியை அப்படியே போட்டுட்டு விறுவிறுன்னு மேல ஏறினா. பாறை மேல நின்னு, அந்த மலைக்கே கேக்குற மாதிரி, "வந்துருச்சு"ன்னா.

அடேயப்பா, அப்புறம் பாக்கணுமே. அன்னக்கொடி காதுல இருந்த பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சுட்டுக் கூடையைத் தூக்கினா. மேலத்தெருப் பொண்ணுங்க பாதி தலை பின்னினது பின்னினபடி ஓடி வந்தாங்க. சோலைமலை வாழைத்தாரைத் தோள்ல வெச்சுக்கிட்டு ராக்குவுக்குத் துணையாக் கிளம்பினான். அம்மா சொன்னதும் சரி, பொண்டாட்டி சொன்னதும் சரின்னு அன்னைக்கு ஒரு நாள்தான் அவன் பேச்சு பொருந்தி வந்துச்சு.

வாசல்ல வெள்ளத்தாயி ராக்கு தலையில ஒரு கொத்து மருக்கொழுந்தை வெச்சு விட்டா. அப்போ அவ காதுகிட்ட குனிஞ்சு ரகசியமா ஒண்ணு சொன்னா. அடுத்த வருஷம் நான் மரத்தடியில நிக்கிறப்போ எனக்குப் பின்னாடி வந்து நில்லு. கேட்டுச்சுன்னா என் முந்தானையை ஒரு இழு இழு. மத்தவங்களுக்குத் தெரியப்படாது.

ராக்கு ம்னா. நீயும் ம் சொல்லு.

...ம்.

ஓடையைத் தாண்டி, அடிவாரத்துல பஸ் ஏறி, ராக்கு வேலங்குளம் போய்ச் சேர்றதுக்குள்ள பின்னாடியே மழை துரத்திக்கிட்டு வந்துருச்சு, சடசடன்னு. வீட்டுக்குள்ள நுழைஞ்சா, பூவாயி பாயில உக்காந்துக்கிட்டு, வலி வந்து ரொம்ப நேரமாச்சு, நான் எவ்வளவு நேரந்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதுன்னு அக்காவைத் திட்டினா. ராக்கு ஈரச் சேலையை மாத்தக்கூட இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டா. மழை பெய்யப் பெய்யப் பொண்ணு பொறந்துச்சு. ஙீ, ஙீன்னு மெல்லிசா ஒரு அழுகை.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அத்திமேட்டுல வெள்ளத்தாயி மரத்தடியில நிப்பா. கையைக் காதுக்குப் பின்னாடி குவிச்சுக் கண்ணை மூடிக்குவா. பின்னாடி ராக்கு அடக்க ஒடுக்கமா நிப்பா. முந்தானை ஒரு இழுப்பு. "வந்துருச்சு." ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அடேங்கப்பா, இந்த வயசுலயும் என்ன காது பாருன்னு ஊரே மெச்சிக்கும்.

ஒரே ஒரு வருஷம் மட்டும் ஒண்ணு நடந்துச்சு. பூவாயி மகளுக்குக் காதுகுத்து வெச்சிருந்தாங்க, ஆவணி மாசம். குருவி வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. ஆனா முந்தானை இழுபட்டுச்சு. வெள்ளத்தாயி ஒத்தைக் கண்ணை மட்டும் திறந்து பாத்தா. மரத்துல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. வேற ஈ எறும்பு கிடையாது. மெதுவாத் திரும்பி மருமகளைப் பாத்தா. ராக்கு வானத்தைப் பாத்தா. வெள்ளத்தாயி கண்ணை மறுபடி மூடிக்கிட்டு, தலையை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "வந்துருச்சு"ன்னா.

அன்னக்கொடி மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தா. காதைத் தேச்சுப் பாத்தா. எனக்கு ஒண்ணுமே கேக்கலையே மதினின்னா. வெள்ளத்தாயி அவ தோளைத் தட்டிக் குடுத்தா.

"உனக்கு வயசாகுதுல்ல. விடு, நான் கேட்டுச் சொல்றேன்."

ம் சொல்லு.

சரி சரி, சொல்ல வேணாம். குருவியும் இலைக்குள்ள ஒடுங்கிருச்சு, கதையும் கூடு அடைஞ்சிருச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ.